கழுத்து வரை வந்த மாப்பிள்ளை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள். இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

போனில் பேசினால் உங்கள் மனைவி காதில் விழும் என்பதால் மெயிலில் கேட்கிறேன். போட்டோ திருத்துகிற அந்த மென்பொருளை எனக்குப் போட்டுக்கொடுத்தவர் நீங்கள்தான். நம் குடும்பப் படத்திலிருந்து ஓர் உறவினர் கைதவறி அழிந்துவிட்டார். கண்ணாடி போட்டவர், நல்ல உயரம், தங்கமான குணம். அவரைத் திரும்ப வரவழைப்பது எப்படி?

எப்படி அழிந்தார் என்று கேட்பீர்கள். போன மாதம் உங்களோடு சண்டை போட்டுக்கொண்டு இவள் பெட்டியும் கையுமாக வந்து நின்றாளே, அந்த ஆத்திரத்தில் உட்கார்ந்தேன், சரி, மறைத்து என்ன ஆகப்போகிறது, அந்த உறவினர் நீங்கள்தான். தலையிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செருப்பு வரை அழித்து, அந்த இடத்தில் பக்கத்துத் திரைச்சீலையை இழுத்துப் பரப்பினேன். உங்கள் அத்தை எட்டிப் பார்த்து, "ஐயோ, என்னங்க இது? பொண்ணு தோள்ல யாரு கை?" என்று அலறினாள். உங்கள் ஐந்து விரல்களை மறந்திருந்தேன். அதையும் அழித்தேன். படத்தை மூடாமல் அப்படியே விட்டிருந்தேன். இன்று காலை இவள் வந்து, "அப்பா, நாளைக்கு அவரு என்னைக் கூட்டிட்டுப் போக வர்றாரு. அந்தக் குடும்ப போட்டோவ பிரிண்ட் போட்டு வைங்க, அவருக்குக் குடுக்கணும்" என்கிறாள். விழுந்தடித்துக்கொண்டு அன்டூவை அமுக்கினேன். விரல் வந்தது, திரைச்சீலை விலகியது, செருப்பு வந்தது, இடுப்பு வந்தது, சட்டை வந்தது, கழுத்தோடு நின்றுவிட்டது. அதற்குமேல் பின்னால் போகாதாம். அந்த நேரம் பார்த்து இவள் காலடிச் சத்தம். பதறிப்போய் சேவ் செய்து மூடித் தொலைத்தேன். இப்போது திறந்தால் அன்டூவே மங்கிக் கிடக்கிறது, நீங்கள் தலையில்லாமல் என் மகள் தோளில் கை போட்டு நிற்கிறீர்கள். முழுசாக அழித்திருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும். இதை இவள் பார்த்தால் பிரித்துவைக்கப் பார்த்தவன் அப்பன்தான் என்று நினைப்பாள், இனி இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டாள். எனக்கு ஒரே பெண், மாப்பிள்ளை. பயமாக இருக்கிறது. உடனே வழி சொல்லுங்கள்.

இருவரும் எல்லாப் படங்களிலும் முழு உருவமாகச் சேர்ந்திருக்க வாழ்த்தும்,
உங்கள் மாமனார்.

பி.கு.: வழி எதுவும் சொல்ல வேண்டாம். இவள் என் முதுகுக்குப் பின்னால் நின்று முழுவதும் படித்துவிட்டாள். திட்டவில்லை. "எங்கிட்ட ஒண்ணு இருக்குப்பா, ஆனா அத பிரிண்ட் போட முடியாது" என்று போனை நீட்டினாள். அதில் நீங்கள் தலையோடு இருக்கிறீர்கள், இவள் இருக்கிறாள், உங்கள் அத்தை இருக்கிறாள். என்னைத்தான் காணோம். "விவாகரத்து வாங்கிடுன்னு சொன்னீங்களே, அன்னைக்கு வெட்டினேன்" என்றாள். திரும்ப ஒட்ட முடியுமா என்று கேட்டேன். "நாளைக்கு அவரு வரட்டும், புதுசா எடுக்கலாம். நீங்க அதுல நிக்கணுமா வேண்டாமான்னு அவரே சொல்லட்டும்" என்கிறாள். சீக்கிரம் வாருங்கள் மாப்பிள்ளை. எனக்காக நாலு வார்த்தை நல்லதாகப் பேசுங்கள்.