டெலிவிஷனை மறைத்த தலை

வீட்டில் சினிமா பார்ப்பதற்கு உகந்த சாதனம் புரொஜெக்டரா, டெலிவிஷனா என்ற மாபெரும் கேள்வி மாட்டுங்காவில் எங்கள் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் எழுந்தபோது, ஊரெல்லாம் ரேஷன் அரிசிக்குக் கியூவில் நின்றுகொண்டிருந்தது. அதனால் என்ன? மாபெரும் கேள்விகள் நேரம் காலம் பார்த்தா எழுகின்றன?

கேள்விக்குச் சொந்தக்காரர் பிரம்மநாயகம் பிள்ளை. கோட்டைப் பக்கம் ஒரு சர்க்கார் ஆபீஸில் சூப்பரிண்டெண்டு. சுவரில் ஆணி அடிப்பதென்றால்கூட மேலிடத்தில் கேட்டுக்கொண்டுதான் சுத்தியலைத் தொடுவார். கேள்விக்குக் காரணம் அவர் சம்சாரம் பார்வதியம்மாள். தாதர் ஸ்டேஷன் படிக்கட்டில் விழுந்து முழங்கால் போனதிலிருந்து அந்த அம்மாள் கீழே இறங்கவில்லை. லிஃப்ட் கிடையாது. ஐயோ பாவம் என்று நீங்கள் உச்சுக் கொட்ட வேண்டாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே சமையல், அதட்டல், ஊர்வம்பு எல்லாம் அமோகமாக நடக்கும். குறை ஒன்றே ஒன்றுதான். வாரம் தவறாமல் சினிமா பார்த்த மனுஷி, நாலு வருஷமாக ஒரு படம் பார்க்கவில்லை.

"நாலு ஹமாலைக் கூப்பிட்டு என்னை நாற்காலியோட தூக்கச் சொல்லுங்க. கிங்ஸ் சர்க்கிள் கொட்டகை என்ன காசியிலயா இருக்கு?" என்று அந்த அம்மாள் கேட்பாள். ஹமால் என்றால் பம்பாயில் மூட்டை தூக்குகிற ஆள்.

"சூப்பரிண்டெண்டு சம்சாரத்தை மூட்டை மாதிரி சுமந்துட்டுப் போனா பாக்கவன் என்ன சொல்லுவான்?"

"மூட்டை சினிமாவுக்குப் போகுதும்பான். சொல்லிட்டுப் போறான். நான் படம் பாத்துட்டு வாரேன்."

பிள்ளை மசியவில்லை. கௌரவம் கெடாமல் சம்சாரத்துக்குப் படம் காட்ட வழி உண்டா என்று யோசித்தார். அப்போது வந்து சேர்ந்தார் நாகூர் மீரான். தாராவிக்காரர். கல்யாணத்துக்கும் உற்சவத்துக்கும் புரொஜெக்டர் வாடகைக்கு விடுகிற தொழில்.

"அண்ணாச்சி, எங்கிட்ட பழைய மிஷின் ஒண்ணு சும்மா கெடக்கு. அந்தச் செவுத்துல ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுங்க. மதினி சாஞ்சுக்கிட்டே பாக்கலாம். ரீலு நான் வாராவாரம் கொண்டாறேன்."

பார்வதியம்மாள் அப்போதே வேட்டியை எடுத்து வெளுக்கப் போட்டுவிட்டாள். பிள்ளைக்குத்தான் அனுமதி கிடைக்காமல் தூக்கம் வரவில்லை. துணைக்குக் கீழ்வீட்டுக்காரனான என்னையும் இழுத்துக்கொண்டு 'படம் மற்றும் ஒலிச் சாதனங்கள் ஒழுங்கு அலுவலக'த்துக்குப் போனார். அங்கே அதிகாரி தளவாய், செம்பூர்வாசி, நம்ம ஊர்க்காரர்தான். ஊர்க்காரர் என்பதால் உட்காரச் சொல்லிவிட்டுக் கஷ்டப்படுத்தினார்.

"புரொஜெக்டர்ல யாரு பாக்கப் போறா?"

"என் சம்சாரம்தாங்க."

"நீங்க?"

"நானும் பக்கத்துல இருப்பேன்."

"அப்ப ஒருத்தருக்கு மேல ஆயிட்டு. ஒருத்தருக்கு மேல உக்காந்து பாத்தா பொதுக் காட்சி. பொதுக் காட்சி நடந்தா அந்த இடம் கொட்டகை. தீப்பிடிச்சா வெளிய ஓட ரெண்டு வாசல் இருக்கா?"

"ஒரு வாசல்தாங்க."

"பெண்களுக்குத் தனி வழி?"

"என் சம்சாரத்தால நடக்கவே முடியாதுங்க."

"நடக்கதும் நடக்காததும் அவங்க இஷ்டம். வழி இருக்கணும். கேளிக்கை வரி?"

"பொண்டாட்டிக்கு நான் டிக்கெட் விக்கலியே!"

"டிக்கெட் விக்காம எப்படி வரி கட்டுவீங்க?" என்று தளவாய் உண்மையிலேயே கவலைப்பட்டார். பிள்ளையின் முகம் வேர்த்துவிட்டது. அதைப் பார்த்து அதிகாரிக்கு மனம் இளகியது. "இவ்வளவு சிரமம் எதுக்குங்கேன்? பேசாம டெலிவிஷன் வாங்கிருங்க. டில்லியில பெரிய ஆபீசர்மாரு வீட்ல எல்லாம் இப்ப அதுதான்."

"பம்பாயில டெலிவிஷன் நிலையமே கிடையாதே சார்?" என்று நான் வாயை விட்டேன்.

"அதனாலதான் அனுமதி சுலபம்!" என்றார் தளவாய். "நிலையம் இருந்தா, அவன் என்னத்தக் காட்டுவானோ ஏது காட்டுவானோன்னு நாங்க ஆயிரம் யோசிக்கணும். ஒண்ணுமே காட்டாத சாதனத்துல ஆட்சேபிக்க என்ன இருக்கு?"

அங்கேயே, அப்போதே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். சர்க்கார் ஆபீஸில் ஒரு காரியம் நின்ற நிலையில் முடிந்ததை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பார்வதியம்மாள் கேட்ட முதல் கேள்வி, "அதுல படம் தெரியுமா?"

"தெரியும். நிலையம் வந்ததும் தெரியும்."

"நிலையம் எப்ப வரும்?"

"பரிசீலனையில இருக்கு."

ஜெர்மனியிலிருந்து திரும்பிய ஒரு என்ஜினீயரிடம் விலைக்கு வாங்கிய டெலிவிஷனை நாலு ஹமால்கள் மூன்று மாடி சுமந்து வந்தார்கள். "மெதுவா, மெதுவா! திருப்பத்துல இடிச்சிராதே!" என்று பிள்ளை முன்னும் பின்னும் ஓடினார். பார்வதியம்மாள் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இத மட்டும் மூட்டை மாதிரி சுமக்கலாமாக்கும்?"

"ஏளா, இது விலை ஒசந்த சாமான்!" என்றார் பிள்ளை.

அந்த அம்மாள் வெளுத்து வைத்திருந்த வேட்டியை மடித்து அலமாரியில் வைத்தாள்.

அன்றிலிருந்து கட்டிடமே மூன்றாவது மாடிக்கு ஏறியது. மொட்டை மாடியில் கம்பி நட்டார்கள். டெலிவிஷனுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள், பூப்போட்ட உறை தைத்தார்கள். விருந்தாளி வந்தால் பிள்ளை உறையை நீக்கி ஸ்விட்சைப் போடுவார். கண்ணாடியில் புள்ளி புள்ளியாக இரையும். "டில்லியில மழை போலிருக்கு," என்று யாராவது சொல்வார்கள். என் சம்சாரம் சொர்ணம்மாள் அதைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "படம் வராட்டாலும் எம்புட்டு லட்சணமா இருக்கு! நம்ம வீட்லயும் இருக்கே, ஒரு ரேடியோ. கத்தத்தான் தெரியும்," என்றாள்.

இந்த நிலையில் கணபதி உற்சவம் வந்தது. உற்சவத்தில் தெருவில் சினிமா காட்டுவது பம்பாய் வழக்கம். வருஷா வருஷம் முனையில் இருக்கிற மைதானத்தில் மீரான்தான் காட்டுவார். எங்கள் கட்டிடத்திலிருந்து தெரியாது. அந்த வருஷம் பார்வதியம்மாள் பால்கனியிலிருந்து அவரைக் கூப்பிட்டாள்.

"மீரான் தம்பி, இந்தத் தடவை திரையை எதுத்த கட்டிடத்துச் செவுத்துல கட்டேன். உனக்குப் புண்ணியமாப் போகும். நான் இங்கேருந்தே பாத்துருவேன்."

"அதுக்கென்ன மதினி, நல்லா ஒசரத்துலயே கட்டிருதேன்," என்றார் மீரான். கட்டியும் விட்டார்.

விளக்கு வைத்ததும் பார்வதியம்மாள் குளித்து, பட்டுச் சேலை கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டு நாற்காலியைப் பால்கனியில் போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். உள்ளே கூடத்தில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பால்கனிக்கு முதுகு காட்டி, டெலிவிஷனைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். பிள்ளை விளக்கை அணைத்தார். உறையை நீக்கினார்.

ஸ்விட்சைப் போடவில்லை, அதற்குள் டெலிவிஷனில் படம் வந்துவிட்டது!

கண்ணாடிக்குள் விரல் அகலத்தில் ஒரு கதாநாயகி ஓடினாள். பின்னால் கதாநாயகன் ஓடினான். சத்தம் கணீரென்று தெருப் பக்கமிருந்து வந்தது. பெயர்கள் ஓடியபோது எழுத்தெல்லாம் இடவலம் மாறி இருந்தது. "ஜெர்மனியில வண்டியெல்லாம் வலது பக்கம்தானே ஓடுது? எழுத்தும் அப்படித்தான் ஓடும்," என்று பிள்ளை விளக்கினார். ஸ்விட்ச் போடுமுன்பே இயங்குவதுதான் ஜெர்மன்காரன் மூளை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். ஒரு தரம் கழுத்தைத் திருப்பியிருந்தால் அதே படம் எதிர்ச்சுவரில் ஆள் உயரத்தில், நேராக, தெளிவாகத் தெரிந்திருக்கும். கழுத்தைத் திருப்புவதற்கா மனிதன் டெலிவிஷன் வாங்குகிறான்?

படம் சூடு பிடிக்கிற நேரத்தில் கண்ணாடியின் நடுவே கறுப்பாக ஒரு உருண்டை தெரிந்தது. கொஞ்சம் பூவும் தெரிந்தது.

"என்னதது?" என்றாள் சொர்ணம்மாள்.

பிள்ளை பால்கனிப் பக்கம் குரல் கொடுத்தார். "பார்வதி, உன் தலை மறைக்குது!"

"நான் படம் பாக்கேன்!"

"நாங்களும் படம்தான் பாக்கோம். நீ நடுவுல இருக்கே!"

"அட கூறுகெட்ட மனுஷா, படம் இங்கனல்லா ஓடுது!"

"அது தெருவுல ஓடுத படம். இது டெலிவிஷன். புரியாமப் பேசாதே."

வாதம் வளர்ந்தால் கதை போய்விடும் என்று நாங்கள் நாலு பேர் எழுந்து, அந்த அம்மாளை நாற்காலியோடு தூக்கினோம். நானும் ஒரு காலைப் பிடித்தேன். அடுக்களையில் கொண்டு வைத்தோம். "இங்கேருந்து வசனம் நல்லாக் கேக்கும் மதினி," என்று சமாதானமும் சொன்னேன். அந்த அம்மாள் பட்டுச் சேலையோடு அரிசி டின்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுதாளா என்று கேட்காதீர்கள். நாங்கள் படம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

செய்தி பரவியது. அடுத்த உற்சவத்துக்குள் தெருவைப் பார்த்த வீடுகளில் பாதிக்கு டெலிவிஷன் வந்துவிட்டது. சொர்ணம்மாள் வளையலைக் கழற்றி வைத்தாள், என் வீட்டுக்கும் வந்தது. தெருப் பக்கத்து அறை சின்னது என்பதால் அதை மாடிப்படி வாசலுக்கு எதிரே வைத்தோம். பிறகு கட்டிடக் கமிட்டி கூடியது. 'வீடுதோறும் டெலிவிஷன் வந்துவிட்ட விஞ்ஞான யுகத்தில், நடுத்தெருவில் துணியைக் கட்டிப் படம் காட்டுகிற அநாகரிகத்தைக் கைவிட வேண்டும்' என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. முன்மொழிந்தவர் பிரம்மநாயகம் பிள்ளை. மீரான் துணியைச் சுருட்டிக்கொண்டு தாராவிக்கே போனார். போகும்போது பால்கனியைப் பார்த்து, "நான் என்ன செய்ய மதினி? எல்லாரும் படிச்சவுக," என்றார்.

உற்சவம் வந்தது. எல்லா வீட்டிலும் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். கண்ணாடியில் இருட்டுதான் தெரிந்தது. பம்பாயில் நன்றாக நடந்துகொண்டிருந்த ஒளிபரப்பைச் சர்க்கார் திடீரென்று நிறுத்திவிட்டதே என்று கொதித்துப்போய், எல்லோரும் கையெழுத்திட்டுத் தளவாய்க்கு மகஜர் அனுப்பினோம். ஆச்சரியம், பதில் வந்தது.

'மேற்படி தெருவில் இயங்கிவந்த புரொஜெக்டர் ஒன்றின் குறுக்கீட்டினாலேயே தங்கள் டெலிவிஷன்களில் உருவங்கள் தோன்றின என்பது விசாரணையில் வெளியாகிறது. குறுக்கீடு தற்போது நீங்கிவிட்டபடியால், சாதனங்கள் யாவும் பழுதின்றி இயங்குவதாகக் கொள்ளப்படுகிறது. முதன்முதலில் உருவம் தோன்றிய சாதனத்தைச் சனிக்கிழமை சோதனைக்குக் கொண்டுவரவும்.'

படித்ததும் எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குறுக்கீடு ஒழிந்தது! இனி அசல் படம் எந்த நிமிஷமும் வரலாம்.

சனிக்கிழமை பிள்ளை காலையிலேயே அனுமதிக் காகிதங்களோடு போய் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டார். டெலிவிஷனைத் தூக்கிவர ஹமால்களுக்குச் சொல்லி வைத்திருந்தார். மத்தியானம் நாலு பேரும் வந்தார்கள். பார்வதியம்மாள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"என்னைத் தூக்குங்கப்பா."

"டெலிவிஷன், அம்மா?" என்று கேட்டான் ஒரு ஹமால்.

"அது எங்கயும் ஓடிராது. இங்க இருந்தாலும் அங்க இருந்தாலும் அது செய்யுத வேலை ஒண்ணுதான். சலோ, கிங்ஸ் சர்க்கிள். மேட்னிக்கு நேரமாச்சு."

இதெல்லாம் அந்த ஹமால் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த நேரம் நாங்கள், என் வீட்டில் வாசல் கதவைத் திறந்து போட்டு, வாசலுக்கு முதுகு காட்டி, டெலிவிஷன் முன்னால் கட்டிடத்தோடு உட்கார்ந்திருந்தோம்.

திடீரென்று கண்ணாடியில் நிழலாடியது. அதில் நாலு பேர் தோள் கொடுக்க, நாற்காலியில் ஒரு அம்மாள் ஆடி அசைந்து வந்தாள். பட்டுச் சேலை, தலையில் பூ, வாயெல்லாம் சிரிப்பு. எங்களைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினாள்.

"வந்துட்டு! படம் வந்துட்டு!" என்று கூடமே கைதட்டியது.

"சாமி படம் போலிருக்கு. ஊர்வலம் வருது," என்றேன் நான்.

"கொஞ்சம் நம்ம பார்வதி மதினி சாடை இருக்கு பாருங்க," என்றாள் சொர்ணம்மாள்.

"வாரியளா? ரெண்டு பேருக்கு இடம் பிடிச்சு வைக்கேன்," என்று முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. வசனம் இவ்வளவு தெளிவாகக் கேட்கிறதே என்று மெச்சிக்கொண்டோம். அந்த அம்மாள் கண்ணாடியின் ஓரத்துக்குப் போய் மறைந்தாள். படியிறங்கும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

யாரும் எழுந்திருக்கவில்லை. மீதிப் படம் வர வேண்டாமா?