நாலு ஸ்பேட், ஒரு பிடி குறைவு

"நீயே ஆடு. நான் போய் டீ போடறேன்" என்று தன் பதின்மூன்று சீட்டையும் மேசைமேல் விரித்து வைத்துவிட்டு அவர் எழுந்து போனார்.

தண்ணீர் வற்றிப் பாத்திரம் கருகும் வாடை வந்த பிறகுதான் போய்ப் பார்த்தார்கள். தரையில் கிடந்தார். மூச்சில்லை.

பிரிட்ஜில் ஏலம் எடுத்த ஜோடியில் ஒருவர்தான் இரண்டு கையையும் ஆடுவார். மற்றவர் சீட்டை விரித்துவிட்டுச் சும்மா இருக்கலாம். அந்த வீட்டில் முப்பது வருஷமாக ஆடுவது கணக்கு டீச்சர், விரிப்பது அவள் கணவர். அன்று ஏலம் நாலு ஸ்பேட். ஸ்பேட் துருப்பு, மொத்தம் பதின்மூன்று பிடியில் பத்தாவது எடுத்தாக வேண்டும்.

மூன்று வாரம் கழித்து டீச்சர், அன்று எதிர் ஜோடியாக ஆடிய கொழுந்தனையும் அவன் மனைவியையும் வரச்சொன்னாள். நான்கு பேர் கையையும் ஏலத்தையும் தாளில் எழுதி வைத்திருந்தாள்.

"அண்ணி, திரும்பவும் அதே ஆட்டமா?"

"ஆடுன்னு சொல்லிட்டுப் போனாரு. பாதியில விடச் சொல்றியா? உக்காரு."

கொழுந்தன் முதல் சீட்டாக ஆர்ட்டின் ஒன்றை இறக்கினான். விரித்த கையிலிருந்த ராஜாவை அவன் மனைவியின் ஆசு விழுங்கியது. ஒன்பது பிடி.

அடுத்த ஞாயிறு துருப்பைத் தள்ளிப்போட்டு கிளாவரை முதலில் ஆடினாள். கொழுந்தன் வெட்டினான். எட்டு.

அதற்கடுத்த வாரம் அவன் தோற்றுத் தொலைப்பது என்ற முடிவோடு வந்தான். நல்ல ராணியை வீணாக எறிந்தான். பொறி என்று நினைத்து டீச்சர் தொடாமல் விட்டாள். ஏழு.

"தோக்கறதுக்குத் தலைகீழா நின்னேனே அண்ணி!"

"அதான்டா சந்தேகம். நீ என்னைக்கு விட்டுக்கொடுத்திருக்க?"

"அக்கா, எனக்கு முதுகே விட்டுப்போச்சு" என்றாள் அவன் மனைவி. மறுவாரம் ஜலதோஷம் என்று வரவில்லை.

மாடிக்குப் புதிதாகக் குடிவந்த நர்ஸுக்கு ஆட்டம் தெரியும் என்றார்கள். அவளைக் கூப்பிட்டுக் கொழுந்தன் மனைவியின் இடத்தில் உட்காரவைத்தாள் டீச்சர். அந்த வீட்டு விஷயம் எதுவும் தெரியாத பெண். சீட்டைத் தொடாமல் முதலில் தாளை வாங்கிப் படித்தாள்.

"ஒரு ஸ்பேட்னு ஆரம்பிச்சது யாரு டீச்சர்?"

"அவர். நான்தான் நாலுக்கு ஏத்தினேன்."

"அப்ப நீங்க ஏன் ஆடறீங்க? துருப்பை முதல்ல சொன்னவங்கதானே ஆடணும்? அப்ப முதல் சீட்டு அவருக்கு இடது பக்கம், நான் உக்காந்திருக்கிற இடத்துலேர்ந்து வந்திருக்கும். ஆசும் இந்தக் கையிலதான். இது முன்னாடி ஆடிட்டா, கடைசியா வர்ற ராஜா பொழைச்சிருக்கும். பத்துப் பிடி கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாமே."

கொழுந்தன் தன் சீட்டைக் கவிழ்த்து வைத்தான். அன்று நாலு பேர் உட்கார்ந்தும், பழக்கதோஷத்தில் ஒருத்தருக்கும் தோன்றாமல் போயிருந்தது.

டீச்சர் தாளைத் திருப்பி வாங்கி ஏலத்தின் முதல் வரியை விரலால் தொட்டாள்.

"அப்ப நான்...?"

நர்ஸ் சிரித்தாள்.

"இருந்து ஆடியிருக்க வேண்டியவர் அவர், டீச்சர். விரிச்சு வச்சிட்டு எழுந்து போயிருக்க வேண்டியது நீங்க."