கோத்தா திங்கி முகாமும் முப்பத்து நான்கு ஆபத்துகளும்

பலூன் ஊதுவதற்குக் கண்ணாடி மாட்டிக்கொள்ளும் மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான் இருக்கிறார், அவரும் எங்கள் பக்கத்து வீட்டில்தான் ஒன்பது வருடம் குடியிருந்தார் என்று நான் எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். சாதாரணக் கண்ணாடி இல்லை. தொழிற்சாலையில் போடுவார்களே, பக்கவாட்டிலும் மூடியிருக்கும் பிளாஸ்டிக் கண்ணாடி, அது. மகளின் பிறந்தநாளுக்கு அறுபது பலூன் ஊதினார். அறுபதுக்கும் கண்ணாடியைக் கழற்றவில்லை. கேக்கில் மெழுகுவத்தி ஏற்றுமுன் "எல்லாரும் ரெண்டடி பின்னால போங்க" என்றார். போனோம். பிறந்தநாள் பாட்டைக் கார் நிறுத்துமிடத்திலிருந்து பாடியவர்களில் நானும் ஒருத்தி.

ஜொகூர் மாநிலத்தில், பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயன ஆலையில் அவர் பாதுகாப்பு அதிகாரி. அதனால் 'சேப்டி'. சொந்தப் பெயர் தண்ணீர் பில்லுக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் தாமான் குடியிருப்பு முழுவதற்கும் அவர் சேப்டி அண்ணன். மனைவி மலருக்கே கோபம் வந்தால் "இந்த சேப்டி இருக்காரே..." என்றுதான் ஆரம்பிப்பாள்.

ஆலைக்குள் நெருப்புப் பொறி பறக்கிற வேலை எதுவானாலும் முதலில் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டுமாம். மனிதர் அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். ஒரு தீபாவளிக்குச் சேர்ந்து முறுக்கு சுடலாம் என்று மாவைத் தூக்கிக்கொண்டு போனேன். அடுப்பங்கரை வாசலில் சிவப்பும் வெள்ளையுமாக நாடா கட்டியிருந்தது.

"என்ன மலரு இது?"

"உள்ள வராதீங்கக்கா. பெர்மிட் இன்னும் சைன் ஆகல."

"முறுக்குக்கா?"

"எண்ணெய் ஒரு லிட்டருக்கு மேல போனா பெர்மிட் வேணுமாம். அவரு குளிச்சிட்டு வந்து போடுவாரு. ஒக்காருங்க."

குளித்துவிட்டு வந்தார். அடுப்பைப் பார்த்தார், வாணலியைப் பார்த்தார், என் துப்பட்டாவைப் பார்த்து முடிந்துகொள்ளச் சொன்னார், தீயணைக்கும் சிலிண்டரை மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார், கையெழுத்துப் போட்டார். முறுக்கு என்னவோ நன்றாகத்தான் வந்தது.

இப்படிப்பட்ட மனிதருடைய ஒரே மகள் தாரணிக்குப் பத்து வயதானபோது, பள்ளி விடுமுறையில் கோத்தா திங்கியில் முகாம் என்று தமிழ்ப்பள்ளியில் அறிவித்தார்கள். மூன்று பகல், இரண்டு இரவு, கூடாரத்தில் தூக்கம், ஆற்றில் குளியல். என் மகள் நிலாவும் அதே வகுப்பு. பெற்றோர் அனுமதிப் படிவத்தை நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, ஈரக் கையை நைட்டியில் துடைத்து, அரை நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் கணவர் விடியுமுன்னே பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுகிறவர். வீட்டில் எல்லாக் கையெழுத்தும் நான்தான்.

சேப்டி அண்ணன் தம் படிவத்தை ஒரு கோப்பில் வைத்தார். "ஸ்டடி பண்ணணும்மா" என்றார். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். தாரணி அன்று முதல் அந்தக் கோப்பையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள்.

முதலில் அவர் ஆபத்துகளைப் பட்டியல் போட்டார். மொத்தம் முப்பத்து நான்கு. ஆறு, அட்டை, குரங்கு, வழுக்குப் பாறை, வேகாத கோழி எல்லாம் சரி. இருபத்தொன்பதாவதாகப் பேய் என்று இருந்தது.

"அண்ணே, நீங்க பேயெல்லாம் நம்புவீங்களா?"

"நான் நம்பல. ஆனா இல்லன்னு யாரும் ரிப்போர்ட் குடுக்கல லா. அதனால ரிஸ்க் மீடியம்னு போட்டிருக்கேன்."

அடுத்து, முகாமை நடத்தும் டீச்சருக்குப் போன். ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டுத்தான் பேசுவார் என்பதால் தெருவே கேட்டது.

"டீச்சர், ஏதாச்சும் ஒண்ணுன்னா எல்லாரும் ஓடி வந்து கூடுற எடம் எங்க?"

"சார், அங்க நாலு பக்கமும் செம்பனைத் தோட்டம்தான் சார்."

"சரி. காத்து எந்தப் பக்கம் அடிக்கும்?"

"காத்தா? எல்லாப் பக்கமும் அடிக்கும் சார்."

"அப்படிச் சொல்லக்கூடாது டீச்சர். கேஸ் லீக் ஆனா எந்தப் பக்கம் ஓடுறது?"

"சார், நாங்க மெகி மீ நூடுல்ஸ்தான் சார் அவிக்கப் போறோம்."

டீச்சர் மீது நம்பிக்கை போய்விட்டது. இரவு வேலை முடிந்து வந்த ஒரு காலையில், தூங்காமல், மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு இடத்தைப் பார்த்துவிட்டு வரக் கோத்தா திங்கிக்கே கிளம்பிவிட்டார். மத்தியானம் திரும்பியபோது ஒரு காலில் சாக்ஸ் இல்லை.

"எடம் எப்படிண்ணே?"

"நல்ல எடம். ஆறு முழங்கால் ஆழந்தான்." குரலைத் தாழ்த்தினார். "அட்டை இருக்கு."

"எத்தன?"

"மூணு. மூணும் என் மேலதான் இருந்துச்சி."

பட்டியலில் அட்டை என்ற வரிக்கு எதிரே 'உறுதி செய்யப்பட்டது' என்று எழுதிக்கொண்டார். சோகமாக எழுதினார் என்று சொல்ல முடியாது.

பிறகு மூட்டை கட்டும் படலம். ஒவ்வொரு ஜோடி உடையும் ஒரு பிளாஸ்டிக் பையில். பைமேல் நாள், நேரம், 'நனைந்தால் மட்டும்' போன்ற குறிப்புகள். இரண்டு டார்ச், மூன்று விசில், இருட்டில் மின்னும் மஞ்சள் மேலங்கி. பெரியவர்களுக்கே லேசில் கிடைக்காத இரும்பு முனைச் சப்பாத்து, பத்து வயதுப் பெண்ணின் அளவில் எங்கே கிடைத்ததோ தெரியாது. தாரணி பையை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். பை அவளை மெதுவாகப் பின்னால் உட்கார வைத்தது.

"அப்பா, எந்திரிக்க முடியல."

"அதுக்குத்தான் விசில். ஊது."

என் மகளுடைய பையையும் ஒரு பார்வை பார்ப்பதாகச் சொன்னார். "வேணாண்ணே, அதுல ரெண்டு பாவாடையும் ஒரு பல் துலக்கும் பிரஷும்தான் இருக்கு" என்று தள்ளிவிட்டேன். அவர் முகத்தில் தெரிந்த வேதனையை இன்றும் மறக்க முடியவில்லை.

எல்லாவற்றுக்கும் உச்சம் ஒத்திகை இரவு. கூடாரத்தில் பிள்ளைகள் எப்படித் தூங்குகிறார்கள் என்று அவர் நேரில் பார்த்தாக வேண்டும். ஆனால் அந்த வாரம் இரவெல்லாம் அவர் ஆலையில். வேறு யாராவது என்றால் ஒத்திகையை அடுத்த வாரம் வைத்திருப்பார்கள். இவர், பள்ளிக்கு மட்டும் விடுமுறை விட்ட வியாழக்கிழமையில், இரவைக் காலை பத்து மணிக்கு வைத்தார்.

"சொந்த வீட்ல படுத்தா அது டெஸ்ட் இல்லம்மா" என்று கூடாரத்தை எங்கள் கார் நிறுத்துமிடத்தில் அடித்தார். மேலே கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பு. தாரணியும் நிலாவும் பல் துலக்கிவிட்டு இரவு உடையில் உள்ளே போனார்கள். வெளியே ஜொகூர் வெயில் மண்டையைப் பிளந்தது. தபால்காரர் வந்து கடிதம் போட்டார். சேப்டி அண்ணன் அவரைப் பார்த்து, "ஷ்ஷ்! ராத்திரி!" என்றார். அந்த மலாய்க்காரத் தபால்காரருக்கு என்ன புரிந்ததோ, பாவம், மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார்.

அண்ணன் மடக்கு நாற்காலியில், மேலங்கியுடன், விசிலை வாயில் வைத்துக் காவலுக்கு உட்கார்ந்தார். பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து வந்த உடம்பு. பத்தே நிமிடத்தில் விசில் மடியில் விழுந்தது. அதன்பின் அவர் விட்ட குறட்டையில் பிள்ளைகள் எப்படித் தூங்குவார்கள்? எழுந்து வந்து என் சமையலறையில் ஆளுக்கு இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டார்கள், டிவி பார்த்தார்கள், அவரைச் சுற்றியே பேட்மின்டன் விளையாடினார்கள். ஒரு தடவை பந்து அவர் தலையில் விழுந்தது. அசையவில்லை.

இரண்டு மணிக்கு அவர் நெளியும்போது இருவரும் கூடாரத்துக்குள் பாய்ந்துவிட்டார்கள். திடுக்கிட்டு விழித்தவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "எத்தன தடவ எந்திரிச்சாங்க?"

"ஒரு தடவகூட இல்லண்ணே."

நோட்டில் எழுதினார்: தூக்கம், மிக நன்று. ஒரு சின்ன உறுத்தலோடு அவருக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தேன்.

"அதான் எல்லாம் பாஸ் ஆயிடுச்சே. ஃபாரத்துல சைன் பண்ண வேண்டியதுதானே? நாளைக்கு வெள்ளிக்கிழம."

அவர் தேத்தண்ணிக் கோப்பையை யார் காலும் படாத இடமாகப் பார்த்துக் கீழே வைத்தார்.

"இந்த வேலையில மூணு வீட்டுக்கு நான் போன் பண்ணியிருக்கேம்மா" என்றார். "புருசனுக்கு அடிபட்டுச்சின்னு. மூணு பேருமே போன எடுக்கிறப்போ சிரிச்சிக்கிட்டுதான் ஹலோ சொன்னாங்க."

இன்னும் கொஞ்சம் சீனி வேண்டுமா என்று கேட்டேன்.

மலரே கையெழுத்துப் போட்டிருக்கலாம். கேட்டேன். "போடலாம்க்கா. புள்ள போயிடும். ஆனா இந்த மனுசன் மூணு நாளும் தண்ணிகூடக் குடிக்க மாட்டாரு. அவரே போடட்டும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை தாரணி பள்ளிச் சீருடையில் வந்து அப்பாவிடம் ஒரு தாளை நீட்டினாள். அவருடைய பட்டியல் மாதிரியே கோடு போட்டுக் கட்டம் கட்டியது. தலைப்பு: 'நான் முகாமுக்குப் போகாவிட்டால் வரும் ஆபத்துகள்'. மலர் அதைப் பிறகு எனக்குக் காட்டினாள். ஒன்று, எல்லாரும் வருடம் முழுக்க முகாமைப் பற்றியே பேசுவார்கள், எனக்குப் பேச எதுவும் இருக்காது. இரண்டு, அடுத்த முறையும் அப்பா பயப்படுவார். மூன்று, அப்பாவைப் பார்த்துப் பார்த்து எனக்கும் பயம் வந்துவிடும். மூன்றுக்கும் எதிரே 'மிக அதிகம்' என்று சிவப்பு மையில். கடைசிக் கட்டத்தில், தடுக்கும் வழி: கையெழுத்து.

அவர் அதை மூன்று தடவை படித்தாராம். பிறகு எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தினாராம். பிறகு படிவத்தில் கையெழுத்துப் போட்டாராம்.

முகாமுக்குக் கிளம்பும் காலையில் பள்ளி வளாகத்தில் பஸ் நின்றது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பஸ்ஸுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. யாருடையவை என்று யாரும் கேட்கவில்லை. வெளியே வந்து, டயர், கண்ணாடி, அவசரக் கதவு, முதலுதவிப் பெட்டி என எல்லாம் பார்த்து, டிரைவரின் கண்ணையும் உற்றுப் பார்த்துவிட்டு "ஓகே" என்றார். பிள்ளைகள் ஏறினார்கள். கதவு மூடியது. பஸ் நகர்ந்தது.

சேப்டி அண்ணன் ஓடிப்போய் முன்னால் நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகத் தூக்கினார்.

அவர்கள் ஆலையில் அதற்கு 'வேலையை நிறுத்து' என்று அர்த்தமாம். பெருக்குகிறவர் தூக்கினாலும் மேனேஜர் நிற்க வேண்டும். ஏன் நிறுத்தினாய் என்று யாரும் திட்டக்கூடாது. ஆனால் நிறுத்தியவர் காரணத்தை எல்லார் முன்னாலும் உரக்கச் சொல்ல வேண்டும். இதை மலர் என் காதில் சொல்லி முடிப்பதற்குள் பிரேக் போட்ட பஸ்ஸிலிருந்து டீச்சர் இறங்கி வந்துவிட்டார்.

"என்னாச்சு சார்?"

அவர் வாயைத் திறந்தார். டயரைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். முப்பத்து நான்கில் ஒன்றாவது உதவிக்கு வரும் என்று தேடுகிற மாதிரி இருந்தது. கைகள் மட்டும் தலைக்கு மேலேயே நின்றன.

"பஸ்ல ஒண்ணும் கொறை இல்ல டீச்சர்" என்றார். "எனக்குத்தான்... எனக்குப் பயமா இருக்கு."

நான் சிரிக்கத் தயாராக இருந்தேன். மூன்று வாரமாகச் சிரித்துப் பழகிய வாய். ஆனால் எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு டிரெய்லர் லாரி டிரைவர், மலை மாதிரி ஆள், தொண்டையைக் கனைத்துக்கொண்டு "எனக்குந்தாண்ணே" என்றார். இன்னொரு அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். டீச்சர், "சார், எனக்கும் நாப்பது புள்ளைங்க சார்" என்றார்.

ஜன்னலில் தாரணியின் முகம் தெரிந்தது. "அப்பா! எனக்கும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. ஆனா போயிட்டு வரேன்பா!"

அவர் கைகளை மெல்ல இறக்கினார். ஓரமாக நகர்ந்து, கிரேனுக்கு வழிகாட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் வா, வா என்று சைகை காட்டி, பஸ்ஸை வாசல்வரை அவரே அனுப்பிவைத்தார்.

முகாம் நல்லபடியாக முடிந்தது. தாரணி கறுத்து, கொசுக்கடியோடு, தொண்டை கட்டி வந்தாள். என் மகள் மூன்று நாளும் துவட்டிய துண்டும், பிடித்த டார்ச்சும், போட்டுத் திரிந்த சிலிப்பரும் தாரணியின் பையிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றிலும் 'பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு' என்று சீட்டு ஒட்டியிருந்ததாம்.

ஆனால் அதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று பஸ் போனதும் நான் வேகமாக வந்து காருக்குள் உட்கார்ந்துகொண்டேன். அரை நிமிடத்தில் கையெழுத்துப் போட்ட வீராங்கனை, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். சேப்டி அண்ணன். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

"அழுதுக்கிட்டு ஓட்டக்கூடாதும்மா. முடிச்சிட்டுக் கெளம்பு. நான் இங்கதான் நிக்கிறேன்."

கூடப் பிறந்தவர் யாரும் இல்லாதவள் நான். தெரு கூப்பிடுகிறதே என்று அவரை அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்று நான் அழுது முடிக்கும்வரை அந்த வெயிலில் அவர் நகரவே இல்லை.