மெக்கானிக் கை படாத வண்டி

ஆயில் பில்டர் அசையவே மாட்டேன் என்றது.

நர்சரிக்காரன் பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். வெறும் கையால் திருகினான். துணி சுற்றித் திருகினான். கடைசியில் இடுப்பு பெல்ட்டைக் கழற்றிச் சுற்றி இழுத்தான். பெல்ட் அறுந்தது. செடிகளோடு பழகிய ஆள். வாடிப்போன செடியைக்கூட அதட்டாமல் பேசியே பிழைக்க வைத்துவிடுவான். "வாடா கண்ணு, கொஞ்சம் திரும்புடா" என்று பில்டரிடமும் கெஞ்சிப் பார்த்தான். அது இரும்பு, காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வண்டி அவனுடையதல்ல, மாமனாருடையது. அதன் சாவி இன்று அவன் இடுப்பில்தான் தொங்குகிறது. ஆகவே நீங்கள் நிம்மதியாகவே கேட்கலாம். அன்றைக்கு அவனுக்குத்தான் நிம்மதி இல்லை.

நர்சரிக்கு வண்டி கிடையாது. அவனும் மனைவியும் பூந்தொட்டிகளை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போவார்கள். வழியெல்லாம் இலை உதிர்ந்து, போய்ச் சேரும்போது பாதிச் செடி மொட்டையாக நிற்கும். மாமனாரோ கண் சரியில்லை என்று வண்டி ஓட்டுவதையே விட்டுவிட்டார். டீசல் பிக்கப் கொட்டகையில் சும்மா நின்றது. ஆனால் சாவியைக் கொடுக்க மனசு வர வேண்டுமே!

"இத்தனை வருஷத்துல இந்த வண்டி மேல ஒரு மெக்கானிக் கை பட்டதில்ல, மாப்பிள்ளை" என்பார், பார்க்கும்போதெல்லாம். "பில்டர், ஆயில், எல்லாம் நானே. அப்படிப் பாத்துக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் சாவி."

அன்று காலை பரீட்சையே வைத்துவிட்டார். "நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு சாயங்காலம் வரேன். சாவி வண்டியிலயே இருக்கு. ஏர் பில்டர், ஆயில் பில்டர் ரெண்டையும் மாத்தி வைங்க. எவனையாவது கூப்பிட்டுடலாம்னு மட்டும் நெனைக்காதீங்க. நட்டைப் பாத்தே சொல்லிடுவேன், யார் கைன்னு!"

வண்டிக் கம்பெனியின் பில்டரையே வாங்கியிருந்தால் பாதித் தொல்லை குறைந்திருக்கும். கடைக்காரர் விடவில்லை. "சார், இது வெளி கம்பெனி அயிட்டம். ஏர் பில்டரைக் கழுவிக் கழுவிப் போடலாம். வண்டி சும்மா பறக்கும்!" என்று சிவப்பாக ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார்.

முதலில் அதைத்தான் மாட்டப் பார்த்தான். சிவப்பு பில்டர் கொஞ்சம் குண்டு. பெட்டிக்குள் உட்கார்ந்ததே தவிர, மூடி மூடவில்லை. அமுக்கினான். இன்னும் அமுக்கினான். 'பட்'டென்று மூடியின் கிளிப் உடைந்து எங்கோ பறந்தது. செடி கட்டும் கம்பியால் மூடியை இழுத்துக் கட்டினான். பார்க்கப் பந்தலில் ஏற்றிய கொடிபோல் இருந்தது.

போன் அடித்தது. மனைவி. "என்னங்க, சாவி கெடைச்சுதா?"

"கெடைச்ச மாதிரிதான்."

"மாதிரின்னா?"

"அப்புறம் பேசறேன், செல்லம்" என்று வைத்துவிட்டான்.

அசையாத ஆயில் பில்டரை என்ன செய்வது என்று போனில் வீடியோ தேடினான். அதில் ஒருவர் சிரித்த முகத்தோடு ஸ்க்ரூடிரைவரை எடுத்து பில்டரின் வயிற்றிலேயே குத்தி, அதைப் பிடியாக வைத்துத் திருகினார். அட, இவ்வளவுதானா! இவனும் குத்தினான்.

கன்னங்கரேல் என்று ஆயில் முகத்தில் கொட்டியது. ஆயிலை முதலில் பாத்திரம் வைத்து வடித்துவிட வேண்டும் என்பதை அந்தப் புண்ணியவான் வீடியோவின் கடைசியில்தான் சொன்னார். ஆயில் ஓடையாகத் தரையில் ஊர்ந்து போய், ஓரமாகக் கிடந்த மாமனாரின் தோல் செருப்புகளில் ஒன்றைச் சுற்றி வளைத்தது.

ஆனாலும் பில்டர் கழன்றுவிட்டது. அப்பாடா! மிச்ச ஆயிலையும் வடித்து, புதுப் பில்டரைத் திருகி, புது ஆயில் ஊற்றி, சாமி பேரைச் சொல்லி வண்டியை ஸ்டார்ட் செய்தான். அடியிலிருந்து குழாய் திறந்ததுபோல் ஆயில் பீய்ச்சி அடித்தது. அலறிப்போய் அணைத்தான். பில்டர் லூஸ் என்று நினைத்து, பலம்கொண்ட மட்டும் முறுக்கிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தான். இப்போது முன்னைவிட ஜோராக அடித்தது. இரண்டாவது செருப்பும் நனைந்தது.

இன்ஜினே போச்சு. வண்டியும் போச்சு, சாவியும் போச்சு. மாமனார் இனி ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார். சத்தியமாக அழுகை வந்தது.

சத்தம் கேட்டு மாமியார் கொட்டகைக்கு வந்தாள். தரையைப் பார்த்தாள், மருமகனைப் பார்த்தாள். பதறவே இல்லை.

"பழைய பில்டரோட ரப்பர் வளையம் இன்ஜின்லயே ஒட்டிக்கிட்டிருக்கும், மாப்பிள்ளை. அது மேலயே புதுசை மாட்டியிருப்பீங்க. ரெண்டு ரப்பர் இருந்தா ஒழுகத்தான் செய்யும்."

அவனுக்கு வாய் பிளந்துவிட்டது. "உங்களுக்கு எப்படி அத்தை இதெல்லாம்?"

"பாக்கறதுதானே" என்றவள், கம்பி கட்டியிருந்த மூடியைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு டப்பாவோடு வந்தாள். அதிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்து வண்டி மேல் வைத்தாள். அதே அளவு கிளிப்புகள் டப்பா நிறைய இருந்தன.

"எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார். கூப்பிடறேன்."

"ஐயையோ, வேண்டாம் அத்தை! மெக்கானிக் கை பட்டா மாமா நட்டைப் பாத்தே..."

"பாப்பாரு, பாப்பாரு" என்றாள். போனில் அவள் பேசியது கொஞ்சம்தான். "வண்டி விஷயம்தான். ஆமா, அதேதான். பின்வாசல் வழியா வாங்க." வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். "நீங்க போய் முகத்தைக் கழுவுங்க. மாமா பாத்தா பேயின்னு கத்தப் போறாரு."

இன்ஜின் ஆயில் சோப்புக்கெல்லாம் மசியுமா? தேய்க்கத் தேய்க்க முகம் பூராவும் பரவியது. ஒருவழியாக மனித நிறம் வந்து அவன் வெளியே வந்தபோது, வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கல்யாணமான நாளிலிருந்து இவனைக் கண்டால் குரைக்கும் வீட்டு நாய், அந்தக் கால்கள் மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"பேச்சுக் கொடுக்காதீங்க" என்று மாமியார் கிசுகிசுத்தாள். "வேலை கெட்டுடும்."

அவன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். மூடியில் புதுக் கிளிப் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. தரை துடைத்தாகிவிட்டது. செருப்புகள்கூடப் பளபளத்தன. மாமியார் சாவியைத் திருப்பினாள். வண்டி 'கடகட'வென்று சிரித்தது. குனிந்து பார்த்தான். ஒரு சொட்டு இல்லை! போன உயிர் திரும்பி வந்தது. அவள் வண்டியை அணைத்தாள்.

வெளிக் கேட் கிறீச்சிட்டது.

மாமனார்! சாயங்காலம் என்றவர் மத்தியானமே வந்து நிற்கிறார். அந்தக் கால்கள் இன்னும் வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டுதான் இருந்தன. மறைக்க ஒரு சாக்குக்கூட இல்லை.

மாமனார் கொட்டகைக்குள் வந்தார். கால்களைப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது. கோபத்தில்தான் என்று மருமகன் நினைத்தான். சரி, ஒளித்து என்ன ஆகப் போகிறது, காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்து வாயைத் திறந்தான்.

அதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். "யா... யாருது அடியில?"

வண்டிக்கு அடியிலிருந்து நிதானமாகப் பதில் வந்தது:

"நான்தான் சார், பதறாதீங்க! வழக்கமா நீங்க பண்ற அதே ரெண்டு ரப்பர்தான், எடுத்துட்டேன். எப்பவும் போல உங்க மாப்பிள்ளை வர்றதுக்குள்ள பின்வாசல் வழியா ஓடிடறேன்!"