பிடித்த எண் வரும்வரை

மனிதரில் ஒரு ரகம் உண்டு. எதையும் ஒரு தடவை அளந்து நம்பமாட்டார்கள். பிடித்த எண் வந்துவிட்டால் மட்டும் இரண்டாம் தடவை அளக்கமாட்டார்கள். ரேஷன் கடைத் தராசு முதல் மகனின் மதிப்பெண் பட்டியல்வரை, எதிராகப் பேசும் கருவியெல்லாம் பழுது, சாதகமாகப் பேசுவதெல்லாம் அசல் ஜெர்மன் சரக்கு. இந்த ரகம் முழு வளர்ச்சியில் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமா? 1999இல் நீங்கள் திருவாரூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பௌதிகப் பேராசிரியர் லியோ மதலைமுத்துவைச் சந்தித்திருக்க வேண்டும்.

அவர் ஆராய்ந்தது ஒரு கறுப்புச் சில்லை. செம்பும் ஆக்சிஜனும் இன்னும் சிலவும் கலந்த பீங்கான். கடுங்குளிரில் மின்சாரம் அதில் தடையே இல்லாமல் ஓடும். அந்தக் குளிர் வருமுன் உள்ளே மின்னணுக்கள் எப்படிக் குடியிருக்கின்றன என்று அறிய, ஒரு முனையை லேசாகச் சூடாக்கி, இரு முனைக்கும் நடுவே பிறக்கும் இம்மியளவு மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். பிளஸா, மைனஸா? சங்கதியெல்லாம் அந்தக் குறியில்தான். குளிரூட்டத் திரவ நைட்ரஜன் கால்நடை மருந்தகத்திலிருந்து, சினை ஊசிக் குழல்கள் கிடக்கும் ஜாடியிலிருந்து வரும். குடவாசல் பசுக்கள் சினைக்குக் கத்தும் வாரங்களில் கம்பவுண்டர் சிங்காரவேலு கையை விரித்துவிடுவார். பௌதிகம் காத்திருக்கும்.

1994இல் லியோ மைனஸ் என்று கண்டார். ஒரே ஒரு மத்தியானம்தான் அளந்தார். எழுதினார், அச்சேறியது, டோக்கியோவில் பேசக் கூப்பிட்டார்கள். அந்த வரைபடம் சட்டம் போடப்பட்டு, வீட்டுக் கூடத்தில் திருஇருதய ஆண்டவர் படத்துக்கு நான்கு விரற்கடை கீழே தொங்கியது.

அதே சில்லை அவருடைய ஆய்வு மாணவி தமிழ்நிலா அளந்தாள். பிளஸ்.

"கான்டாக்ட் சரியில்லம்மா" என்றார் லியோ.

கம்பியை ஒட்டியிருந்த வெள்ளிப் பசையைச் சுரண்டி, புதிதாக ஒட்டி, மறுபடி அளந்தாள். பிளஸ். "நைட்ரஜன்ல ஈரம் சேந்திருக்கும்." பிளஸ். "கரண்ட் ஆடுது." பிளஸ். நாற்பத்தொரு தடவை அளந்தாயிற்று. இதற்குள் ஜெர்மனியில் அவளுக்கு வேலை கிடைத்து, அக்டோபர் முதல் தேதி சேரச் சொல்லியிருந்தார்கள். ஆய்வேட்டில் லியோவின் கையெழுத்து விழுந்தால்தான் மேற்கொண்டு எதுவும் நடக்கும். இன்னும் பன்னிரண்டு நாள்கூட இல்லை. நடவுக்குப் போய்ப் படிக்கவைத்த அம்மா அம்சம், பெட்டிகூட வாங்கிவிட்டாள்.

அதே மாதம் லியோவுக்குச் சர்க்கரை 264 என்றது ஒரு பரிசோதனைக்கூடம். "அங்க ஃபேனே சுத்தல" என்றார். இன்னொன்று 251 என்றது. "பையன் புதுசு." இரண்டு நாள் வெறும் மோரும் வெள்ளரியுமாகக் கிடந்து மூன்றாவதற்குப் போனார். 138. "இதான்டா லேபு!" அன்றைக்கே அந்தச் சீட்டு பர்சுக்குள் போய்விட்டது.

தமிழ்நிலா ஆய்வேட்டோடு வீட்டுக்கே வந்தாள். மனைவி அக்னஸ் கொடுத்த காபி ஆறிக்கொண்டிருக்க, அவள் சுவரையே பார்த்தாள்.

"சார், தொண்ணூறு கெல்வினுக்குக் கீழ தடையே இல்லாமப் போயிடுது. அங்க சில்லுலேர்ந்து சுத்தமா ஜீரோதானே சார் வரணும்?"

"ஆமா. முதல் வருஷப் பாடம்."

"உங்க கோடு அங்கயும் ஜீரோவுக்குக் கீழதான் சார் நிக்குது."

லியோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"அது சில்லோடது இல்ல சார். அளக்குற செம்புக் கம்பியோடது. அதோட பங்க நீக்கிட்டா, கீழ ஜீரோ, மேல எனக்கு வந்த அதே பிளஸ்தான் வருது."

ஐந்து வருடம் தினமும் வணங்கிய சுவர். 1994இன் அந்த மத்தியானம் லியோவுக்கு நன்றாக நினைவிருந்தது. கம்பியையும் ஒரு தடவை சரிபார்த்துவிடலாம் என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் வந்த எண் அவ்வளவு அழகாக இருந்ததால் நோட்டை மூடிவிட்டார். சட்டத்தைக் கழற்றி, துண்டால் துடைத்து, மறுபடி மாட்டினார். கோடு இருந்த இடத்திலேயே இருந்தது.

"பிரேம் கோணல்" என்றார்.

"நாந்தாங்க ரசமட்டம் வச்சு மாட்டுனேன். பிரேம் நேராத்தான் இருக்கு" என்றாள் அக்னஸ். "அந்தப் புள்ள நாப்பத்தோரு தடவ அளந்திருக்கு. உங்களுக்கு வேண்டிய நம்பரு வந்திருந்தா மொதத் தடவையே விட்டிருப்பீங்கல்ல? கையெழுத்தப் போடுங்க."

போட்டார். பேனா மூன்று தடவை அடைத்துக்கொண்டது. அது பேனாவின் கோளாறாகவும் இருக்கலாம்.

தமிழ்நிலா ஜெர்மனி போனாள். சட்டம் பரணுக்குப் போனது. லியோ ஆசிரியர் அறையில், "என் பேப்பர்லயே தப்புக் கண்டுபுடிச்சா பாருங்க, நான் உருவாக்குன பொண்ணு!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பர்சில் 138 மட்டும் பத்திரமாக இருந்தது.

இப்போது உங்களிடம் வருவோம். நீங்கள் இந்த ரகமா? எடை இயந்திரத்திலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறியதில்லையா? சற்று யோசித்துப் பாருங்கள்.

இல்லை என்கிறீர்களா? நல்லது. ஒரு தடவை யோசித்ததோடு நிறுத்திவிட்டீர்கள், கவனித்தீர்களா?