கானாவூரில் நான் சொன்ன 'ஆங்'

திருத்தணி
செவ்வாய்க்கிழமை, மாலை

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான பென்சன் பாவா அவர்களுக்கு,

தங்கள் தங்கை மார்கரெட்டின் கணவன் எலியாஸ் ஸ்தோத்திரத்தோடு எழுதுகிறேன். பரிசுத்த தேசப் பயணம் முடித்து நேற்றுக் காலை சுகமாக வீடு வந்து சேர்ந்தேன். தங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கவேண்டும் என்று எருசலேமிலேயே நின்று ஜெபித்திருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேற்கொண்டு படித்தால் அது ஏறினாலும் ஏறும்.

மார்கரெட் இந்நேரம் அரக்கோணத்தில் தங்கள் வீட்டில்தான் இருப்பாள். என்ன சொன்னாளோ, எப்படிச் சொன்னாளோ, எனக்குத் தெரியாது. விமானக் களைப்பில் நேற்றுப் படுத்தவன் இன்று மதியம்தான் எழுந்தேன். வீட்டில் ஆளில்லை. சாப்பாட்டு மேசைமேல் அவளுடைய போன் மட்டும் சார்ஜில் கிடந்தது. தொட்டால் வெளிச்சம் வந்தது, வெளிச்சத்தில் நான் வந்தேன். கானாவூர்க் கோவில் முன்னால் நானும் நம் சம்பந்தியம்மா டெபோராவும் கையைக் கோத்துக்கொண்டு நிற்கிறோம். என் கையில் கல்யாண சர்டிபிகேட்டு. பக்கத்து வீட்டுத் தமிழ்செல்வியைக் கேட்டால், "அம்மா காலையிலயே பையெடுத்துகினு அரக்கோணம் போச்சுங்க. கண்ணுல தண்ணியா ஊத்துது, தொடச்சிகினே போச்சு" என்கிறாள். உடனே காகிதம் எடுத்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

போனில் பேசக்கூடாதா என்பீர்கள். போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போடுவது தங்கள் வழக்கம். இந்த விஷயத்தை உங்கள் தெரு கேட்கவேண்டாம். தமிழ்செல்வியின் வீட்டுக்காரர் அருண்பாண்டியன் நாளைக் காலை ரயிலில் அங்கே வேலைக்கு வருகிறார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள். நான் குற்றமற்றவன். நடந்தது எனக்கே இன்னும் சரியாக விளங்கவில்லை.

துபாயில் இருக்கும் எங்கள் மகள் ப்ளெஸ்ஸி எங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தாள், தங்களுக்கே தெரியும். புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது மார்கரெட்டுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று, விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் இடம் வீணாகக் கூடாதென்று ப்ளெஸ்ஸியின் மாமியார் டெபோரா அம்மாவை அனுப்பினோம். சம்பந்தியம்மாவும் லேசுப்பட்டவரில்லை, புறப்படும்போதே மார்கரெட் அவர் கையைப் பிடித்து, "எல்லா எடத்துலயும் என் பேருக்கு நீங்க ஒரு ஆமென் சொல்லிட்டு வாங்க" என்று கேட்டதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பெத்லகேமில் ஆமென், எரிகோவில் ஆமென், பஸ் பஞ்சரானபோதும் மார்கரெட் பேரில் ஒரு ஆமென். ஆனால் டிக்கெட்டில் பேர் மாற்றியவர்கள் எங்களைக் கூட்டிப்போன போதகர் ஜெரால்டின் பட்டியலில் மாற்றவில்லை. அதில் இருபத்துமூன்று எலியாஸ், இருபத்துநான்கு மார்கரெட் என்றே கடைசிவரை இருந்தது. நாற்பத்திரண்டு பேருக்கும் மஞ்சள் தொப்பி. எங்கே இறங்கினாலும் பக்கத்து சீட்டு ஆளோடு ஜோடி ஜோடியாக வரிசையில் நிற்கவேண்டும், போதகர் எண்ணிப் பார்ப்பார். ஐந்து நாள் இப்படி நின்று நின்று பழகிவிட்டோம்.

ஆபத்து ஒலிவ மலையில் ஆரம்பித்தது. நான் திருத்தணிக்காரன் பாவா. நாம் கிறிஸ்தவர்கள், படியேறிக் கும்பிடுகிறவர்கள் இல்லை, இருந்தாலும் தாலுகா ஆபீசில் முப்பத்தொரு வருஷம் இந்த மலையடிவாரத்தில்தானே குப்பை கொட்டினேன்? மலை என்றால் கால் தானாகச் செருப்பைக் கழற்றும். இங்கே வருகிறவர்கள் தேங்காய்க் கடையில் ஏதாவது வாங்கி, அங்கேயே செருப்பை விட்டு, ஏறி, வந்த வழியே இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். எங்கள் ஆபீஸ் கண்ணையன் சாரோடு நானே எத்தனை தடவை கடையோரம் நின்று காவல் காத்திருக்கிறேன். மோசேயிடமும் காலணியைக் கழற்றச் சொல்லித்தானே இருக்கிறது? ஒலிவ மலை உச்சிக்கு பஸ்ஸிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். அங்கே தேங்காய்க் கடை இல்லை, ஒட்டகத்தோடு ஒருவர் படம் விற்றுக்கொண்டிருந்தார். முறைப்படி அவரிடம் நாலு படம் வாங்கி, ஷூவைக் கழற்றி ஒட்டகத்தின் பக்கத்தில் வைத்து, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சைகை காட்டினேன். அவரும் நெஞ்சில் கைவைத்துத் தலையாட்டினார். அப்புறம் இறங்கினோம், இறங்கினோம், இறங்கிக்கினே போனோம் பாவா. கெத்செமனே தோட்டத்தைப் பார்த்ததும், சரி, ஷூவை எடுத்துகினு வர்லாம்னு திரும்பினா, கீழேயே நிக்குது பஸ்! அங்கல்லாம் மேல எறக்கி வுட்டு கீழ ஏத்திக்கிறது வழக்கமாம். ஏறின வழியா எறங்காத மலையை நான் எங்க கண்டேன்? திரும்பி ஏற நேரமில்லைன்னுட்டாரு போதகர். அந்த ஒட்டகக்காரர் இன்னும் என் ஷூவுக்குக் காவல் நின்னுகினு இருக்காரோ என்னவோ, நல்ல மனுஷன்.

என் ஒன்பதாம் நம்பர் காலுக்குப் போன இடத்தில் உடனே ஒன்றும் அமையவில்லை. சம்பந்தியம்மா நல்ல உயரம், பாதமும் அதற்குத் தகுந்தபடி. அவருடைய மாற்றுச் செருப்பைக் கொடுத்தார். ரோஸ் கலர், மேலே ஒரு வெள்ளைப் பூ. அதைப் போட்டுக்கொண்டுதான் யோர்தான் நதியையும் கலிலேயாக் கடலையும் பார்த்தேன். கானாவூர் போய்ச் சேர்ந்தபோது குதிகாலில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம். "அண்ணா, கையைப் பிடிச்சுக்கோங்க" என்றார் சம்பந்தியம்மா. அண்ணா என்றுதான் சொன்னார் பாவா, இதைத் தயவுசெய்து மார்கரெட்டிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

இயேசு கல்யாண வீட்டில் தண்ணீரைத் திராட்சைரசமாக்கின ஊரல்லவா, அங்கே தம்பதிகளெல்லாம் கல்யாண உடன்படிக்கையைப் புதுப்பித்துக்கொள்வார்களாம், மற்றவர்கள் கடைப்பக்கம் போகலாமாம். போதகர் இதை பஸ்ஸில் அறிவித்தபோது நான் குனிந்து கொப்புளத்தைப் பார்த்துகினு இருந்தேன், சம்பந்தியம்மா பஞ்சு தேடிகினு இருந்தாங்க. எறங்கிப் பாத்தா எல்லாரும் ஜோடி ஜோடியா வரிசைல நிக்கறாங்க. நாங்களும் போய் எங்க எடத்துல நின்னோம். போதகர் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பேராகப் படித்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்து, "எலியாஸ், மார்கரெட்டை வாழ்விலும் தாழ்விலும் சுகத்திலும் வியாதியிலும் நேசித்து ஆதரிப்பீரோ?" என்றார். உண்மையைச் சொல்கிறேன், ஆபரேஷன் ஆன கண்ணுக்காக ஜெபிக்கிறார் என்றே நினைத்தேன். ஆனால் அந்தப் பேரைக் கேட்டதும் எனக்கு வீட்டு பைபிள் ஞாபகம் வந்துவிட்டது. முப்பத்தெட்டு வருஷமாக பைபிளின் பின்பக்கத்து வரைபடத்தில் விரலை வைத்து, "ஒரு நாள் இங்கல்லாம் போவணும்ங்க" என்றவள் அவள். வந்து நிற்பதோ நான், அதுவும் ரோஸ் செருப்பில். பக்கத்தில் அவள் இல்லையே என்று அழுகை வந்துவிட்டது பாவா. "ஆங்!" என்றேன், கோவில் சுவரே திருப்பிச் சொல்லுகிற மாதிரி. அடுத்து போதகர் மார்கரெட்டைக் கேட்டார். ஒப்புக்கொண்ட ஊழியமாச்சே, சம்பந்தியம்மா "ஆமென்" என்றுவிட்டார். கையில் ஆளுக்கொரு திராட்சைரசம், ஒரு சர்டிபிகேட்டு, படார்னு ஒரு போட்டோ. முடிஞ்சி போச்சு.

அந்தக் காகிதத்தை இப்போது எதிரில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சர்டிபிகேட்டு எழுதியே ரிட்டயர் ஆனவன் நான். இதில் முத்திரை இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. பேர் மார்கரெட், நின்றது டெபோரா, சொன்னது ஆமென். இது யாருக்குச் செல்லும், யாருக்குச் செல்லாது? தாலுகா ஆபீசில் இப்படி ஒரு மனு வந்திருந்தால் அடுத்த மேசைக்குத் தள்ளியிருப்பேன். இங்கே அடுத்த மேசை தாங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பயணத்தைப் பற்றி நான் சாட்சி சொல்லவேண்டும். மார்கரெட் இல்லாமல் அந்த மேடையில் ஏறமாட்டேன். அவள் இல்லாத வீட்டில் டம்ளர் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் சொம்பில் காபி குடிக்கிறேன். எப்படியாவது சமாதானம் சொல்லி சனிக்கிழமைக்குள் அனுப்பிவையுங்கள். தங்கள் காலைப் பிடிப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. கர்த்தர் தங்கள் வீட்டையும், தங்கள் வீட்டில் இருக்கும் என் வீட்டையும் காப்பாராக.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
எலியாஸ்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்தவேண்டாம். கையெழுத்துப் போட்டு நிமிர்கிறேன், மார்கரெட் கருப்புக் கண்ணாடியோடு வாசலில் நிற்கிறாள். அரக்கோணம் கண் டாக்டரிடம் செக்கப்புக்குப் போயிருந்தாளாம், தங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லையாம். கண்ணில் வழிந்தது சொட்டு மருந்தாம். "மூணு வாட்டி சொல்லிட்டுத்தான போனேன்? மூணு வாட்டியும் ஆங் ஆங்னு தலையாட்டினீங்க. எதையும் காதுல வாங்காம ஆங் சொல்றதே உங்களுக்குப் பொழப்பு" என்கிறாள். கானா விஷயம்கூட சம்பந்தியம்மா அன்றைக்கே போனில் சொல்லிவிட்டாராம். சிரித்துச் சிரித்து ஆபரேஷன் பண்ணின கண் வலித்ததுதான் மிச்சமாம்.

பிறகு அந்த சர்டிபிகேட்டை எடுத்து, புதுக் கண்ணால் கண்ணாடியில்லாமல் எழுத்து எழுத்தாகப் படித்தாள். இந்தக் கடிதத்தையும் படித்தாள். அப்புறம், "நீங்க ஆங் சொல்லிட்டீங்க, சரி. எனக்குப் பதிலா சொன்னது அவங்கதான? நான் இன்னும் சொல்லலியே" என்றாள். இப்போது சொல்லேன் என்றேன். "ஞாயித்துக்கெழம சபையில எல்லாரும் இருக்கச்சொல்ல கேளுங்க, பாக்கலாம்" என்கிறாள். கடிதத்தையும் கிழிக்கவிடவில்லை, அண்ணன் படிக்கட்டும் என்கிறாள்.

ஆகவே பாவா, அவளை அனுப்பிவைக்க வேண்டாம். தாங்கள் வாருங்கள், ஒன்பது மணி ஆராதனைக்கு. போன தடவை அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து என் பக்கத்தில் நிறுத்தியவர் தாங்கள்தான். தங்கள் காலும் ஒன்பதாம் நம்பர் என்று ஞாபகம். வரும்போது ஒரு ஜோடி ஷூ இரவலாகக் கொண்டுவாருங்கள்.