சீராகப் போன மானிட்டர்

“பொட்டி திரும்பவும் நடுங்குதாம்யா” என்று மனைவி ராஜம்மா வாசலிலிருந்து குரல் கொடுத்ததும், எத்திராஜ் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

குமணன்சாவடியிலிருந்து வந்த ஆட்டோவின் பின் சீட்டில் பழைய டி.வி. பெட்டி மாதிரி கனத்த அந்தப் பத்தொன்பது அங்குல மானிட்டர்தான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் இடுக்கிக்கொண்டு மகள் வனஜா, மாப்பிள்ளை மனோகரன். அவன் மடியில் சி.பி.யூ.

கல்யாணச் சீராக எத்திராஜ் கொடுத்த கம்ப்யூட்டர் அது. கட்டில், பீரோ எல்லாரும்தான் கொடுக்கிறார்கள். மாப்பிள்ளையோ வீட்டிலேயே உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை டிசைன் போடுகிறவன். அதனால் தான் வேலை பார்க்கும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் அதுவரை யாரும் கொடுக்காத சீரைக் கொடுத்துவிட்டு, எத்திராஜ் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார். இப்போது அந்தச் சீர் ஆட்டோ ஏறி ஏறித் திரும்பி வருகிறது. பெண்ணைக் கொடுத்த இடத்தில் மானம் போகிறது.

“மாப்ளே, நான் முடுக்கின டாங்கியே நடுங்காம ஓடுது. இந்தப் பொட்டிக்கு இன்னா குளிர் ஜுரமா?”

“அதில்ல மாமா, கொஞ்ச நேரம் பார்த்தாலே கண்ணு வலிக்குது” என்றான் மனோகரன், தரையைப் பார்த்தபடி.

முதல் தடவை வந்தபோதே கம்ப்யூட்டர் கடை ஜேம்ஸ் விளக்கிவிட்டான். “சார், ஸ்கிரீன்ல படத்த செகண்டுக்கு அறுபது வாட்டி திருப்பித் திருப்பி வரையுது. இவ்ளோ பெரிய மானிட்டருக்கு அது பத்தாது. எண்பத்தஞ்சு வாட்டி வரைஞ்சாத்தான் ஆடாம நிக்கும்.”

“அப்ப வரையச் சொல்லேன்யா!”

“ஒயரு மாத்திப் பாக்கலாம் சார்.”

ஒயரை மாற்றினார்கள். நடுக்கம் நிற்கவில்லை. கூடவே, திரையிலிருந்த பத்திரிகைப் பிள்ளையார் ரோஸ் நிறத்துக்கு மாறிவிட்டார். பழைய ஒயரையே மாட்டிவிட்டு, “உள்ள படம் வரையிற கிராபிக்ஸ் கார்டுக்குத் தெம்பு போதாது சார்” என்றான் ஜேம்ஸ். புதிதாக வாங்கிய பெட்டிக்குள் தெம்பில்லாத கார்டை வைத்து விற்றவனே அவன்தான். எத்திராஜ் கடை வாசலில் நின்று தெருவே கூடும்படி கத்திவிட்டு, வேறு கார்டு போட வைத்தார். எண்பத்தைந்தில் வைத்ததும் படம் பாறை மாதிரி நின்றது.

குமணன்சாவடி போனதும் மறுபடி நடுங்கியது.

“அந்த ஊட்டு கரண்ட்டுதான் சரியில்ல போல” என்றான் ஜேம்ஸ். எத்திராஜ் ஒரு ஸ்டெபிலைசரைத் தோளில் சுமந்துகொண்டு சம்பந்தி வீட்டுக்கே போனார். மாப்பிள்ளையின் தாயார் ஜெகதாம்பாள் அதைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“எங்க ஊட்டு கரண்ட்ல இன்னாய்யா கொறையக் கண்ட? நீ குடுத்த பொட்டி நொண்டிப் பொட்டி. அதுக்கு எங்க கரண்ட்டு மேல பழியா?”

அன்றைக்குக் காபி கூடக் கிடைக்கவில்லை. சம்பந்திகளுக்குள் பேச்சும் நின்றுபோனது.

“பொங்கலுக்குக்கூட பொண்ண அனுப்பாத மனுஷி, பொட்டி நடுங்குதுன்னா மட்டும் மறுநிமிஷம் ஆட்டோ புடிக்குது பாரு! அவ்ளோ பேராசை!” என்று எத்திராஜ் இப்போது ராஜம்மாவிடம் பொருமினார். ராஜம்மாவுக்கு அதைக் கேட்க நேரமில்லை. மகளும் மாப்பிள்ளையும் நண்டுக் குழம்புக்குத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆள் அனுப்பியதும் ஜேம்ஸ் வந்தான். எல்லாவற்றையும் கோத்து, எதையோ திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“சார், கார்டு நல்லா கீது. ஒயரு நல்லா கீது. யாரோ உள்ள பூந்து எண்பத்தஞ்ச அறுபதுக்கு எறக்கி வெச்சிருக்காங்க. இது தானா எறங்காது.”

எத்திராஜுக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. அப்படியானால் இது கோளாறே இல்லை, திட்டம்! நல்ல பெட்டியை நொண்டியாக்கி, வேறு பெட்டி கறக்கப் பார்க்கிறார்கள்! சாப்பிட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். அவன் நண்டுக் காலைக் கடிக்காமல் வாயிலேயே வைத்திருந்தான்.

“எட்றீ ராஜம்மா அந்தச் சட்டைய! இப்பவே குமணன்சாவடி போறேன். தெருவையே கூட்டி வெச்சி வனஜா மாமியாகாரிய நியாயம் கேக்கறேன். என்னை இன்னா கேனையன்னு நெனச்சாங்களா?”

வனஜா எச்சில் கையோடு ஓடிவந்து வாசலை மறித்தாள்.

“ஐயோ நைனா, அத்த காதுல மட்டும் போட்டுடாத! பொட்டி ரிப்பேருன்னாத்தான் அத்த எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா வெளிய உடுது, அதான் இவரே எறக்கி வெக்கறாரு!”